கேற்றடியில் வடைமாலை

யூலை 14, திங்கள்

சோளகக் காற்று. காலையிலிருந்து ஒரே புழுதி. கேற்றடிக் கூண்டுக்குள் கண் திறக்க முடியவில்லை. பறக்கப் பழகுகிற பிள்ளைகளுக்கு இன்று ஓட்டம் இல்லை. மூன்று சின்னப் பிளேனும் கொட்டகைக்கு முன்னால் கயிற்றில் கட்டினபடி.

பாதுகாப்புப் பயிற்சி தொடங்கியாயிற்று. இடம் கொட்டகை மூலை. பிளாஸ்ரிக் கதிரைகள், அதில் ஒன்று கால் உடைந்தது (அது எனக்கு). கொழும்பிலிருந்து பயிற்சி தர ஒரு சேர் வந்திருக்கிறார். இனி இதில் ப. சேர். வெள்ளைச் சப்பாத்து. இந்தச் செம்மண்ணுக்குள் வெள்ளைச் சப்பாத்தோடு வருகிற மனிதனை எப்படி நம்புவது?

வந்த ஆட்கள்: பகல் கேற்றுக்கு நான். இரவுக் கேற்றுக் குணம் அண்ணை. எஞ்சின் பார்க்கிற இரண்டு பெடியள். மனேச்சர். திருகோணமலைப் பக்கத்திலும் இதைப்போல ஒரு சின்ன விமானத் தளமாம், அங்கேயிருந்து சுபா என்று ஒரு பெட்டை. முப்பது வயதிருக்கும். என் கதிரையின் காலைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை மாற்றித் தந்தாள். நல்ல பிள்ளை.

ப. சேர் சொன்னது: "பெரிய விமான நிலையத்தில் மிஷின் பார்க்கும். இங்கே மிஷின் இல்லை, உங்கள் கண்தான் இருக்கிறது. அதனால் எல்லாரையும் சந்தேகப்படுங்கள்."

எனக்குச் சரியான சந்தோசம். ஐம்பது வயது தாண்டின பிறகு ஒருவர் என்னைப் பார்த்து இதைச் செய்யச் சொல்கிறார். வீட்டில் இந்தச் சந்தேகப் புத்திக்குத்தான் தினமும் பேச்சு. மீனின் செவுளை விரித்து விரித்துப் பார்ப்பேன். தேங்காயைக் காதோடு வைத்து ஆட்டிவிட்டு, திரும்பவும் ஆட்டுவேன். இவர் (என் மனுசன்) சொல்லுவார், "உனக்கு முன்னாலை கண்ணாடி வைச்சால் உள்ளுக்கை நிக்கிறவளையும் ஆரெண்டு கேப்பாய்." சொல்லட்டும். எங்கள் வீட்டில் இதுவரை அழுகின மீன் வந்ததில்லை.

பிறகு சோதனை விசயம். வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் ப. சேரின் ஆள் ஒருவர் உள்ளே வரப் பார்ப்பாராம். ஆணோ பெண்ணோ, சொல்லமாட்டாராம். வந்து ஏதாவது ஒரு பிளேனில் உள்ளங்கை அளவு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஒட்டினால் நாங்கள் தோல்வி. பிடித்தால் வெற்றி.

மத்தியானத்துக்குப் பிறகு வேலியைச் சுற்றி நடந்தோம். கொட்டகைக்குப் பின்னால் வந்ததும் ப. சேர் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"வைரவர்," என்றார் மனேச்சர்.

"வேலிக்கு உள்ளேயா?"

"சேர், நாங்கள் பிறகு வந்த ஆக்கள். அவர் முதலே நிண்டவர்."

சூலம், தகரக் கொட்டில், எள்ளெண்ணெய் விளக்கு, அதனடியில் படுத்திருக்கிற கறுப்பன் (நாய்). எல்லாவற்றையும் ப. சேர் படம் எடுத்தார். வெள்ளிக்கிழமையில் ஊர்ச் சனம் தட்டோடும் நெருப்புப்பெட்டியோடும் பிளேனுக்குப் பக்கத்தால் நடந்து இங்கே வருகிறது என்று கேட்டதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கொட்டகைக்குத் திரும்பினதும் ஒரே வசனம்: "எங்கள் ஆள் இந்தக் கூட்டத்தோடு உள்ளே வந்துவிட்டால், கோயிலை வெளியே ரோட்டோரம் கொண்டுபோய் வைக்கத்தான் சொல்லுவேன்."

காலையில் கேற்றைத் திறந்ததும் நான் போவது அந்த விளக்கடிக்குத்தான். ரோட்டோரம், பஸ் புகைக்குள், வைரவர்! எங்கள் காவலுக்கே காவல் அவர்.

பின்னேரம் விளக்கு வைக்கும்போது சொன்னேன்: வைரவா, நான் பார்த்துக்கொள்ளுகிறேன். நீர் இங்கேயே இரும். ஆடி முதல் வெள்ளிக்கு என் கையால் வடைமாலை.

யூலை 15, செவ்வாய்

காற்று குறையவில்லை. உடுப்பு காயப்போட்டால் பக்கத்து வளவில் எடுக்க வேண்டும்.

இன்று பழக்கம்: தெரியாத ஆள் வந்தால் மறித்துக் கேட்பது எப்படி. ப. சேர் தெரியாத ஆளாக நடித்தார். முதலில் குணம் அண்ணை.

"தம்பி எந்த ஊர்?"

"அளவெட்டி."

"அளவெட்டியிலை எவடம்? ஆரின்ரை மகன்? நாதஸ்வரக்காரர் வீட்டுப் பக்கமோ?"

"ஆமாம், அங்கேதான்."

"அப்ப சரி, போங்கோ."

ப. சேர் தலையில் கை வைத்துவிட்டார். "ஐயா, அளவெட்டி எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஊரைக் கேட்காதீர்கள். ஐசியை, அடையாள அட்டையைக் கேளுங்கள்."

பின்வரிசையில் எல்லாரும் சிரிப்பு. சுபா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். குணம் அண்ணைக்குக் கோபம். இடைவேளையில் என்னிடம் வந்து, "ஐசி என்ன, மெசினிலை அடிக்கிற மட்டைதானே. ஊரிலை மாமி மச்சாளை அடிச்செடுக்கேலுமோ?" என்றார். மனதுக்குள் எனக்கும் அதுதான். ஆனால் சொல்லவில்லை. குணம் அண்ணை ஏன் அந்த அளவெட்டிக்காரனை அவ்வளவு லேசாக விட்டார் என்று வேறு யோசனை.

என் முறை வந்தபோது ப. சேரை மூன்று தரம் திருப்பி அனுப்பினேன். ஐசி, பாஸ், யாரைப் பார்க்க, என்ன விசயம், அவர் வரச் சொன்னதற்கு என்ன சாட்சி. "அம்மா, நான் களைத்துப்போனேன்," என்றார். கை தட்டினார்கள்.

சாப்பாட்டு நேரம் சுபா பக்கத்தில். கடைப் பார்சல் கொண்டுவந்திருந்தாள், புளித்துப்போன சாம்பார். பாவம். என் கத்தரிக்காய்ப் பால்கறியில் பாதி கொடுத்தேன். தாயும் தகப்பனும் இல்லையாம். நிறையக் கேள்வி கேட்கிற பிள்ளை. வைரவரிடம் எந்தப் பக்கத்தால் போகிறது, யார் யார் வருவார்கள், மாலையை யார் கட்டுவது. இந்தக் காலத்துப் பெட்டைகளுக்குக் கோயில் விசயத்தில் இவ்வளவு அக்கறை இருக்கிறதே என்று நினைத்தேன்.

சந்தேகமான ஆட்கள் (இன்றைக்கு வரை):
– ஐஸ்கிறீம் வான்காரன். நேற்றும் இன்றும் கேற்றடியில் பாட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறான். இங்கே யார் வாங்குவது?
– மீற்றர் பார்க்க வந்தவன். போன மாதம் வந்தவன் இவன் இல்லை.
– ப. சேர் தானே? தன் ஆள் என்று சொல்லிவிட்டுத் தானே ஒட்டினால்?
– ராணி அக்காவின் மருமகன்.

கடைசி ஆளைப் பற்றி: ராணி அக்கா எங்களுக்கு மூன்று வீடு தள்ளி. மருமகன் கனடாவில் இருந்து போன கிழமை தனியாக வந்திருக்கிறான். மகள் வரவில்லை. ஏன் வரவில்லை? கேற்றுக்கு வெளியே நின்று போனைத் தூக்கிப் பிளேன்களைப் படம் பிடித்ததை இன்று கண்டேன்.

யூலை 16, புதன்

வெயில். தலையிடி. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இவர் கண்ணாடியைக் கொண்டுவந்தார். சுன்னாகத்துக்கு வெங்காயம் ஏற்றிப் போட்டு நேரே வந்தவர், இடுப்பில் சறமும் காலில் மண்ணுமாக. ப. சேர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வேறு வழி இல்லை.

"ஐசி இருக்கோ?"

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"ஏனப்பா, உனக்கு என்னைத் தெரியாதே?"

"தெரியும். ஐசியைக் காட்டுங்கோ."

கண்ணாடியைக் கூண்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு கேள்விப்பட்டேன், சந்தியில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாராம். "என்ரை மனுசி என்னையே விசா கேட்டவள்." பின்னேரம் வீட்டுப் படலையடியில் நின்றுகொண்டு, "உள்ளுக்கை வரலாமோ மேடம்?" என்கிறார். கண்டறியாத பகிடி.

ஐஸ்கிறீம்காரனைக் கேற்றடியிலிருந்து கலைத்தேன். மீற்றர்க்காரனின் மின்சாரக் கந்தோருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். உண்மையான ஆள்தானாம், பழைய ஆளுக்குக் கால் முறிவாம். சரி, அவன் கழிந்தான்.

ராணி அக்காவின் மருமகன் இன்றும் வந்தான். பிளேனில் மேலே ஏறி ஊரைப் பார்க்க எவ்வளவு என்று கேட்டான். கேட்டதுக்கு விடை சொன்ன பிறகும் போகவில்லை. எந்தப் பிளேன், இரவில் எங்கே நிற்கும், பூட்டுவீர்களா. நான் போனை வாங்கிப் படங்களை அழித்துப்போட்டேன். அவனுக்கு முகம் சிவந்தது. பின்னேரம் கிணற்றடியில் ராணி அக்கா கேட்டார்.

"என்ன யோகம், என்ரை மருமேனைக் கள்ளன் எண்டு நினைச்சியோ?"

"சட்டம் அக்கா. ஆரெண்டாலும் அதுதான்."

"ஒன்பது வருசத்துக்குப் பிறகு என்ரை பிள்ளை வயித்திலை தரிச்சிருக்கிறாள். பறக்கக்கூடாது எண்டு டொக்டர் சொன்னபடியாலைதான் அவன் தனிய வந்தவன். எங்கடை வைரவருக்கு ஆடி வெள்ளிக்கு வடைமாலை எண்டு நேர்த்திக்கடன். அதுக்குத்தான் வந்தவன்."

சந்தோசம் என்று சொன்னேன். மனதுக்குள் விடவில்லை. நேர்த்தி என்று சொல்லி உள்ளே வருவதற்கு இதைவிட நல்ல சாட்டு உண்டா?

யூலை 17, வியாழன். ஆடிப்பிறப்பு

மத்தியானத்தோடு பயிற்சி முடிந்தது. பயிற்சிக்கு வந்தவர்களின் பாஸை மனேச்சர் திருப்பி வாங்கிவிட்டார். சோதனை மட்டும் நாளை பின்னேரம் வரை. ப. சேர் திங்கள்தான் போகிறார்.

சுபாவைக் கூழுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். விடுதியில் தனியே கிடக்கிற பிள்ளை, ஆடிப்பிறப்பும் அதுவுமாக. கூழும் கொழுக்கட்டையும். கூழை மூன்று தரம் வாங்கிக் குடித்தாள். இவருக்கும் பிடித்துவிட்டது. "பிள்ளைக்கு ஐசி பாத்தனியோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சுபா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

உழுந்து ஊறப்போடும்போது பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

"அக்கா, நாளைக்குச் சனத்தின்ரை தட்டையும் பாப்பியளோ?"

"எல்லாற்றையும். ஒண்டும் விடமாட்டன்."

"சாமிக்குக் கொண்டுபோறதைக் கை வைச்சுப் பாக்கலாமோ?"

கூடாதுதான். படைக்க முதல் மணந்துகூடப் பார்க்கக்கூடாது. அதனால்தானே இவ்வளவு காலமும் ஒருவரும் பார்க்கவில்லை, அதனால்தானே அந்த ஆளும் அதுக்குள்ளால் வரப்போகிறான். எனக்கு நிச்சயம். கள்ளன் எந்த இடத்தில் நாங்கள் கூச்சப்படுவோம் என்றுதான் பார்ப்பான். சுபாவிடமும் அப்படியே சொன்னேன். "நீங்கள் சரியான கெட்டிக்காரி அக்கா," என்றாள்.

நாளைக்குத் தானும் வந்து உதவி செய்கிறாளாம். எனக்கு இரண்டு கை போதாது, வரட்டும்.

யூலை 18, வெள்ளி

விடிய எழும்பி வடை சுட்டேன். மாலை நன்றாக வந்தது. பெரிய எவர்சில்வர்த் தட்டு, கீழே வாழையிலை, மேலே வெள்ளைத் துணி.

ஆடி முதல் வெள்ளி. கேற்றடியில் இவ்வளவு சனத்தை நான் கண்டதில்லை. குணம் அண்ணையும் பகலுக்கு வந்து நின்றார். சுபா சீலை உடுத்திப் பொட்டும் வைத்து வந்தாள், அடையாளமே தெரியவில்லை. "அக்கா, நீங்கள் ஆக்களைப் பாருங்கோ, தட்டை நான் பிடிக்கிறன்," என்றாள். கொடுத்தேன்.

ஒவ்வொரு தட்டாகத் துணியை விலக்கினேன். ஒரு கிழவர் "சிவ சிவா" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஒருத்தி என்னைத் திட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். போகட்டும். தேசிக்காய், பூ, கற்பூரம், நெருப்புப்பெட்டி. நெருப்புப்பெட்டி எல்லாம் வாங்கிக் கூண்டுக்குள் வைத்தேன். உள்ளே ஏற்றின விளக்கு இருக்கிறது, அது போதும்.

ராணி அக்கா. பின்னால் மருமகன், வேட்டியோடு. தட்டை அவன்தான் வைத்திருந்தான். துணியைத் தூக்கினேன். மாலை, வெற்றிலை. வெற்றிலையின் கீழே பார்க்க வேண்டும். கையை விட்டேன்.

"யோகம், கை வையாதை," என்றார் ராணி அக்கா.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா."

"கை வையாதையடி!"

இழுபட்டது. மாலை கட்டின நார் அறுந்து வடையெல்லாம் செம்மண்ணில். கறுப்பன் எங்கேயிருந்து வந்ததோ தெரியாது. நாங்கள் குனிய முதல் இரண்டை விழுங்கிவிட்டது.

வெற்றிலைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

ராணி அக்கா சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் மோசம். "சாமிக்கு முதல் நாய்க்குக் குடுத்திட்டாய்," என்றார். "என்ரை பிள்ளைக்கு ஏதும் நடந்தால்…" மருமகன் அவரைத் தோளில் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். உள்ளே வரவில்லை.

ஆனாலும் நின்றேன். மிச்சத் தட்டெல்லாம் பார்த்தேன். கடைசியாகக் குணம் அண்ணை சுபாவைக் காட்டி, "யோகம், உந்தத் தட்டு?" என்று கேட்டார்.

"அது என்ரை தட்டு அண்ணை. விடுங்கோ, எங்கடை பிள்ளை."

சுபா முன்னால் போனாள். கேற்றைச் சாத்திப்போட்டு நான் பின்னால் போய்ப் படைத்தேன்.

பின்னேரம் வரை வேறு ஒருவரும் வரவில்லை. சந்தேகமாக ஒன்றுமே நடக்கவில்லை. வென்றுவிட்டோம் என்றுதான் நினைக்கிறேன். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. ராணி அக்காவின் வீட்டில் வெளி விளக்குப் போடவில்லை.

யூலை 19, சனி

எழுதவே மனம் இல்லை.

காலை எல்லாரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். ப. சேர் நான்கு பேர் போகிற பிளேனின் வாலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். குனியச் சொன்னார். அடிப்பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர்.

"எங்கள் ஆளை அறிமுகப்படுத்துகிறேன்," என்றார். கொட்டகைக்குப் பின்னாலிருந்து சுபா. களிசானும் வெள்ளைச் சேட்டும். ப. சேரின் கந்தோரில் வேலை செய்கிறவளாம். திருகோணமலையில் அப்படித் தளமே இல்லையாம்.

குணம் அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"எப்படி உள்ளே வந்தீர்கள்?" என்று மனேச்சர் கேட்டார். சுபா என் பக்கம் திரும்பவில்லை. "வெள்ளிக்கிழமைக் கூட்டத்தோட, சேர். தட்டோட." அவ்வளவுதான் சொன்னாள்.

ப. சேர் மனேச்சரிடம்: "நான் சொன்னதுதான். கோயில் வெளியே போகட்டும்."

பைப்படியில் அவள் என்னிடம் வந்தாள். ஸ்டிக்கர் என் தட்டின் வாழையிலைக்குக் கீழேதான் போனதாம்.

"ஆரின்ரை தட்டு எண்டு நான் சேருக்குச் சொல்லேல்லை அக்கா. சொல்லவும் மாட்டன். உங்கடை வேலைக்குப் பிரச்சினை வராது."

"என்ரை வீட்டிலை கூழ் குடிச்சனி."

"ஓம்."

"தாய் தகப்பன் இல்லை எண்டு சொன்னனி."

"அது உண்மை அக்கா. பசிச்சதும் உண்மை."

அறையலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் செய்யாமல் முகத்தைக் கழுவிக்கொண்டு கூண்டுக்குப் போனேன். ஒருவரும் வராத கேற்றைப் பார்த்துக்கொண்டு பின்னேரம் வரை இருந்தேன்.

நேர்த்தி வைத்தது எதற்கு? வைரவர் வெளியே போகக்கூடாது என்று. அவரை வெளியே அனுப்புகிற சாமானைத் தட்டில் வைத்து நானே அனுப்பியிருக்கிறேன்.

யூலை 20, ஞாயிறு

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம்.

கடையில் சீனி வாங்கப் போனேன். கதை அதற்கிடையில் ஊர் முழுக்க. ஆனால் வேறு கதை. "ராணியின்ரை மருமேன் படம் எடுத்துத் திரிஞ்சவனெல்லோ. அவன்தான் ஆரோ பெட்டைக்குத் தட்டுக் குடுத்து உள்ளுக்கை விட்டவனாம்." இன்னொருத்தி: "கனடாவிலையிருந்து வந்து எங்கடை வைரவரை ரோட்டிலை விட்டிட்டான்." என்னைக் கண்டதும், "நீ அண்டைக்கே பிடிச்சனி என்ன யோகம், உன்ரை கண்ணெல்லோ கண்," என்றார்கள்.

சீனியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. அவனை நானே மறித்து, நானே படத்தை அழித்து, நானே தட்டில் கைவிட்டு... சனம் என்னைப் பார்த்துத்தானே பழகியது.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பகிடி விடுவார் என்று காத்திருந்தேன். விடவில்லை. வெங்காயத்தாளைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"அப்ப ராணி அக்காவின்ரை வடை என்னத்துக்குக் கொட்டுப்பட்டது?" என்று மட்டும் கேட்டார்.

நான் சும்மா இருந்தால்: கேற் வேலை இருக்கும். நல்ல பெயரும் இருக்கும். வைரவர் ரோட்டுக்குப் போவார். அந்தப் பெடியன் கெட்ட பெயரோடு பிளேன் ஏறுவான். 

வேலையில் எனக்கு ஆசை. மறைத்து எழுதுவானேன். அந்தக் கூண்டு, இடுப்பில் கிலுங்குகிற அந்தத் திறப்புக் கோர்வை, பெரிய கார்க்காரரும் கண்ணாடியை இறக்கி எனக்குப் பதில் சொல்லிவிட்டுப் போவது. இதை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

பின்னேரம் ராணி அக்கா வீட்டுப் படலையடிக்குப் போனேன். மருமகன் வந்தான். "மாமி படுத்திருக்கிறா," என்றான். மகள் எப்படி என்று கேட்டேன். "சுகமா இருக்கிறா. மாமிதான் ஒவ்வொரு மணித்தியாலமும் போன் எடுக்கச் சொல்லுறா." கோபமே இல்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகம்.

யூலை 21, திங்கள்

சொல்லிவிட்டேன்.

ப. சேர் காருக்குள் பையை வைத்துக்கொண்டிருந்தார். மனேச்சர், குணம் அண்ணை, எஞ்சின் பெடியள் எல்லாரும் நின்றார்கள். சுபாவும். நல்லது, எல்லாரும் கேட்கட்டும் என்று கூண்டிலிருந்து இறங்கி வந்தேன்.

"சேர், வெள்ளிக்கிழமை வந்த தட்டு எல்லாம் பாத்தனான். ஒண்டைத்தான் பாக்கேல்லை. அது என்ரை."

சுபா "அக்கா" என்றாள். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"சனத்திலை பிழை இல்லை. வைரவரிலை பிழை இல்லை. பாஸ் முடிஞ்ச ஆளை ஐசி கேக்காமல் உள்ளுக்கை விட்டது நான். எங்கடை பிள்ளை எண்டு சொன்னது நான். நீங்கள் எல்லாரையும் சந்தேகப்படச் சொன்னியள் சேர். நான் என்னை விட்டிட்டன்."

மனேச்சருக்கு வேர்த்துவிட்டது. ப. சேர் பையை இறக்கிக் கீழே வைத்தார். வெள்ளைச் சப்பாத்து இப்போது எங்கள் நிறத்துக்கு வந்துவிட்டது.

"அப்படியென்றால் வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

இரண்டு இரவாக அதைத்தான் யோசித்தேன். கொண்டுவருகிறவர் தானே துணியை விலக்கி, இலையைத் தூக்கிக் காட்டட்டும். காவலாளி கை வைக்கக்கூடாது, கண்ணால் பார்க்கட்டும். சாமிக்கும் குறை இல்லை, சட்டத்துக்கும் குறை இல்லை. ஐசி எல்லாரிடமும், ஊரைக் கேட்காமல். கற்பூரம் நெருப்புப்பெட்டி வெளியில். பிளேனடியில் கயிறு கட்டி வேறு வழி. காவலாளியின் தட்டை மற்றக் காவலாளி பார்க்க வேண்டும். எல்லாருக்கும் முதல்.

ப. சேர் தலையாட்டினார். ஆடி முடியும்வரை அப்படிச் செய்து பார்க்கட்டுமாம். அதற்குப் பிறகு தானே வந்து பார்ப்பாராம், சொல்லாமல்.

என்னைக் கேற்றிலிருந்து எடுத்தாயிற்று. இனித் தேத்தண்ணீர் அறை. மனேச்சர் சொல்லும்போது நல்லவிதமாகத்தான் சொன்னார். திறப்புக் கோர்வையைக் கொடுத்தபோது அழுதேன். குணம் அண்ணை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பகல் கேற் இனி அவருக்கு.

சுபா போகும்போது காலடியில் ஒரு பார்சல் வைத்துவிட்டுப் போனாள். திறக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுத் திறந்தேன். வெள்ளிக்கிழமை அவளோடு போன என் எவர்சில்வர்த் தட்டு, மினுக்கி.

கடைக்குப் போய் அதே ஆட்களிடமும் சொன்னேன். அந்தப் பெட்டை என் தட்டோடு போனவள் என்று. ஒருத்தி, "நீயோ?" என்றாள். "ஓம், நான்தான்," என்றேன். சீனி வாங்கவில்லை.

யூலை 25, வெள்ளி

லேசான மப்பு. மழை வராது.

தேத்தண்ணீர் அறையில் ஐந்து நாள். சீனி கூடிப்போய்விட்டது என்று இன்று பேச்சு. பால்மாப் பைக்கற்றைப் பார்த்தால் எடை குறைவு போல இருக்கிறது, கடைக்காரனைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் ஆடி வெள்ளி. அரைநாள் கேட்டு, வடை சுட்டு, மாலை கட்டி, சனத்தோடு வரிசையில் நின்றேன். ஒருத்தி கொஞ்சம் விலகி நின்றாள். கூட்டம் போன கிழமையில் பாதிதான். ராணி அக்கா எனக்கு நேரே பின்னால். மருமகன் நேற்றுத்தான் பயணம் போனவன். அவரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் கதைக்கவில்லை.

கேற்றில் குணம் அண்ணை, என் கூண்டில். ஒவ்வொருவராகத் துணியை விலக்கிக் காட்டினார்கள். கை வைக்காமல் பார்த்தார். என் முறை.

ஐசியை நீட்டினேன். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நீ போ யோகம். உன்னை நான் என்னத்தைப் பாக்கிறது."

நான் அசையவில்லை. "பாருங்கோ அண்ணை."

"விசரே உனக்கு? ஆக்கள் நிக்கினம், போ."

பின்னாலிருந்து ராணி அக்காவின் குரல்: "குணம், வடிவாப் பார். இலைக்குக் கீழையும் பார். உவவின்ரை தட்டைத்தான் முதல் பாக்கவேணும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் துணியை விலக்கினேன், மாலையை ஒரு பக்கம் தூக்கினேன், இலையையும் தூக்கினேன். ஒன்றும் இல்லை. கண் கலங்கிவிட்டது, குனிந்துகொண்டேன்.

"மகள் எப்பிடி அக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

"உதைக்குதாம்," என்றார். தட்டின் துணியைச் சரிப்படுத்திக்கொண்டே, "கறுப்பனும் வைரவரின்ரை ஆள்தானே. அவருக்கெண்டு குடுத்ததை அவரின்ரை ஆள் வாங்கினதெண்டு நினைச்சுக்கொண்டன்," என்றார். பிறகு தன் தட்டை என் கையில் வைத்தார். "இதைப் பிடி. ஐசியை எடுக்கவேணும், எந்தப் பையுக்கை வைச்சனோ தெரியேல்லை."

ஒரு கையில் என் தட்டு, ஒரு கையில் அவருடையது. நின்றேன். ஐசியைக் காட்டிவிட்டு ராணி அக்கா முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார், தட்டைப் பற்றிய யோசனையே இல்லாமல்.

"அக்கா, நில்லுங்கோ. உங்கடை தட்டு இன்னும் பாக்கேல்லை. திறந்து காட்டிப்போட்டுப் போங்கோ."

"அடி கோதாரி விழுவாளே!" என்று திரும்பி வந்தார். துணியை விலக்கி, இலையைத் தூக்கி, எனக்கும் குணம் அண்ணைக்கும் காட்டினார்.

தட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.